முருகனை ஏற்க மறுக்கும் படிவம்

கேள்வி: ஈரோட்டில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்தான் எங்கள் பிழைப்பு. ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு உறுப்பினர் பதிவும் அடையாள அட்டை அச்சும் செய்துகொடுக்கிறோம். பெயரைத் தமிழில்தான் வாங்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அங்கேதான் வம்பு. 'எழுத்துகள் மட்டும்' என்று சோதிக்கும் கட்டத்தில் முருகன் என்று அடித்தால் 'தவறான பெயர்' என்கிறது. அட்டையில் 'ப. முத்துக்குமார்' என்பவர் 'ப. முத்துக்குமார' ஆகிவிடுகிறார். கோமதி என்று தேடினால், பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் கோமதி வர மாட்டேன் என்கிறார். முருகன் மகனுக்கு இனிஷியல் 'மு.' என்று வராமல் 'ம.' என்று வருகிறது. பிடிஎஃபில் செல்வியின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பழைய பதிவுகள் சில வெறும் கேள்விக்குறிகளாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒட்டுப்போட்டு அலுத்துவிட்டது. 'பேசாமல் இங்கிலீஷில் வாங்கிடு' என்கிறார் சீனியர். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே தீர்வு ஏதாவது உண்டா ஐயா?

— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சீனியர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் பெயர் வாங்கினால் இந்தத் தொல்லைகள் போகும், வேறு தொல்லைகள் வரும். ஆங்கிலத்தில் எழுதிய பெயரைத் தவறில்லாமல் தமிழுக்குத் திருப்ப வழியே கிடையாது. வளவனா வலவனா என்று நிரலுக்குத் தெரியாது. அட்டையைக் கையில் வாங்குகிறவருக்குத் தெரியும். அவர் சங்க அலுவலகத்துக்கு வந்து சத்தம் போடுவார். சீனியர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வங்கிக் கணக்கோடு ஒப்பிட ஆங்கிலப் பெயரும் வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் உறுப்பினரிடமே கேளுங்கள். ஒன்றிலிருந்து மற்றதை நிரலே உருவாக்கிக்கொள்ளட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரே தீர்வு இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன ஆறில் நான்குக்கு வேர் ஒன்றுதான். பிடிஎஃப் விவகாரமும் கேள்விக்குறியும் தனிக் கதைகள், கடைசியில் வருகிறேன்.

வேரைப் பார்க்க உங்கள் கையில் இருக்கும் பிஎச்பியே போதும். 'தமிழ்' என்ற சொல்லை ஸ்டிர்லென் என்ற பழைய ஃபங்ஷனிடம் கொடுங்கள், 15 என்று சொல்லும். எம்பி_ஸ்டிர்லென் 5 என்று சொல்லும். கிராஃபீம்_ஸ்டிர்லென் 3 என்று சொல்லும். மூன்றும் சரியான விடைதான். முதலாவது எண்ணுவது பைட்டுகளை. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். இரண்டாவது எண்ணுவது யூனிகோடின் கோட்பாயிண்டுகளை: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. மூன்றாவதுதான் நாம் பள்ளிக்கூடத்தில் எழுத்து என்று எண்ணப் பழகியது: த, மி, ழ். ஆங்கிலத்தில் இந்த மூன்று எண்ணிக்கையும் ஒன்றாகவே வந்துவிடுவதால், அதை மட்டும் வைத்து எழுதிப் பழகியவருக்கு வேறுபாடு கண்ணில் படவே படாது. நம் ஊர் நிரல்களில் பாதிக் கோளாறு இங்கே பிறக்கிறது. எந்த வரியில் எந்த எண்ணிக்கை வேண்டும் என்று கேட்காமலே எழுதிவிடுகிறோம்.

தமிழை ஏன் இப்படி உடைத்து வைத்தார்கள் என்று கோபம் வருவது இயல்பு. இந்திய மொழிகளுக்கு இங்கே முன்பே இருந்த இஸ்கி என்ற குறிமுறையின் அமைப்பை யூனிகோட் அப்படியே எடுத்துக்கொண்டது. அகரம் ஏறிய மெய் ஒரு குறி, உயிர்க்குறிகள் தனி, புள்ளி தனி. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. அந்த வழியில் வந்த டேஸ்16 குறிமுறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக ஏற்கவும் செய்தது. வாதத்தில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் உறுப்பினரின் கைப்பேசி, பிரவுசர், டேட்டாபேஸ் எல்லாம் யூனிகோட்தான் பேசுகின்றன. எனவே அதோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்வோம்.

இப்போது முத்துக்குமார். உங்கள் அட்டையில் பெயருக்கு 16 என்று வரம்பு வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 'ப. முத்துக்குமார்' என்பதில் கோட்பாயிண்டுகள் 17. பதினாறோடு வெட்டினால் விழுவது கடைசிப் புள்ளி மட்டும். இதற்கு முன் உங்கள் நிறுவனத்தில் யாரோ ஒருவர் வெறும் சப்ஸ்டிர் போட்டிருப்பார். அப்போது 'ப. முத' என்று வந்து, அதன் பின்னே கறுப்பு டயமண்டுக்குள் ஒரு கேள்விக்குறி நின்றிருக்கும். 16 பைட் என்பது புள்ளியின் மூன்று பைட்டில் இரண்டோடு முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்து இன்னொருவர் எம்பி_சப்ஸ்டிர் என்று மாற்றி, டயமண்ட் போய்விட்டது, பிழை தீர்ந்தது என்று டிக்கெட்டை மூடியிருப்பார். உண்மையில் பிழை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது. டயமண்ட் வந்தால் யாராவது பார்த்துப் புகார் சொல்வார்கள். 'முத்துக்குமார' என்று வந்தால் அச்சகம் வரை போய்விடும். கிராஃபீம்_சப்ஸ்டிர் போட்டால் எழுத்து உடையாது. அந்தப் பெயர் அந்தக் கணக்கில் பத்துதான், இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து.

ஆனால் அட்டை விஷயத்தில் எண்ணி வெட்டுவதே தப்பு என்பேன். தமிழில் 'ர' பிடிக்கும் இடமும் 'ணௌ' பிடிக்கும் இடமும் ஒன்றா? அச்சில் அகலத்தை அளந்து, கட்டத்தை மீறினால் எழுத்தின் அளவைக் குறையுங்கள். திரையில் என்றால் சிஎஸ்எஸ்ஸே முடிவில் மூன்று புள்ளி போட்டுப் பார்த்துக்கொள்ளும். மனிதர் பெயரை அட்டையில் வெட்டும் உரிமை நமக்கு இல்லை.

கிராஃபீம் ஃபங்ஷன்கள் 'இல்லை' என்று பிஎச்பி முரண்டு பிடித்தால் பயப்பட வேண்டாம். இன்டில் என்ற எக்ஸ்டென்ஷன் அணைந்திருக்கும். பிஎச்பியின் ஐஎன்ஐ கோப்பில் அந்த வரிக்கு முன் ஒரு செமிகோலன் இருந்தால் எடுத்துவிட்டு சர்வரை மறுபடி தொடங்குங்கள். சர்வரிலும் உங்கள் கணினியிலும் இரண்டு இடத்திலும் பாருங்கள். 'என் மெஷினில் வேலை செய்தது' என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

முருகன் ஏன் நிராகரிக்கப்படுகிறார்? உங்கள் ரெகெக்ஸ், யூனிகோடில் 'எல்' என்ற வகையை, அதாவது எழுத்து என்ற வகையை மட்டும் அனுமதிக்கிறது. ம, ர, க, ன நான்கும் அந்த வகையில் உண்டு. உகரக் குறியும் புள்ளியும் 'எம்' என்ற வகை, ஒட்டுக்குறிகள். சதுர அடைப்புக்குள் 'எல்', 'எம்' இரண்டு வகையையும் சேர்த்துப் போடுங்கள், கூடவே இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும். ரெகெக்ஸின் கடைசியில் யூனிகோடுக்கான 'யு' கொடி இருக்கட்டும். பைத்தான் பக்கம் போனாலும் இதே குழி உண்டு. அங்கே வழக்கமான ஆர்இ மாட்யூலில் சொல்லுக்குரிய பேக்ஸ்லாஷ் டபிள்யூ, உயிர்க்குறியில் தடுக்கி நின்றுவிடும். 'தமிழ்' என்ற ஒரு சொல் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகும். அங்கே ரெகெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாகக் கிடைக்கும் மாட்யூலை நிறுவிக்கொள்வது நல்லது.

கோமதிக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியில் சுவையான பகுதி இதுதான். பட்டியலில் இருக்கும் கோமதியைக் காப்பி செய்யுங்கள். பிரவுசரில் எஃப்12 அடித்து கன்சோலைத் திறந்து, சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி வைத்து, அதை ஒட்டி மேற்கோள் குறிக்குள் அந்தப் பெயரை ஒட்டி என்டர் தட்டுங்கள். பெயர் கோட்பாயிண்ட் கோட்பாயிண்டாகப் பிரிந்து நிற்கும். பிறகு நீங்களே விசைப்பலகையில் கோமதி என்று அடித்து அதையும் பிரித்துப் பாருங்கள். ஒன்றில் 5 துண்டும் இன்னொன்றில் 6 துண்டும் இருந்தால் திருடன் அகப்பட்டான். 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒற்றைக் குறி ஒரு விதம். ககரம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. நிரலோ எண்களை ஒப்பிடுகிறது, வேறு ஆள் என்கிறது. பழைய எழுத்துருக் குறிமுறையிலிருந்து அவசரத்துக்கு மாற்றிய கோப்புகளில் இந்த இரண்டாவது விதம் மலிந்து கிடக்கும். சங்கத்தார் கொடுத்த பழைய உறுப்பினர் பட்டியல் அப்படி வந்ததுதானா என்று விசாரியுங்கள்.

இந்தக் கோளாறுக்கு மருந்து உண்டு. நார்மலைசேஷன் என்பார்கள், நான்கு வகையில் என்எஃப்சி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்பியில் நார்மலைசர் என்ற கிளாஸ், அதே இன்டிலில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங்கோடு ஒட்டியே நார்மலைஸ் கிடைக்கும். இதைத் தேடும் இடத்தில் ஒரு தடவை, சேமிக்கும் இடத்தில் ஒரு தடவை என்று ஆங்காங்கே தெளிக்காதீர்கள். பெயர் உள்ளே நுழையும் வாசல் ஒன்றே ஒன்று இருக்கட்டும், அங்கே செய்யுங்கள். வாட்ஸப்பிலிருந்தும் வேர்டிலிருந்தும் ஒட்டும்போது கூடவே வரும் அகலமில்லா இடைவெளிகளையும் அங்கேயே களைந்துவிடுங்கள்.

என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். அதற்குத் தெரிந்தது யூனிகோட் 'இவை இரண்டும் ஒன்று' என்று அறிவித்த ஜோடிகள் மட்டும். நம் தட்டச்சுப் பழக்கங்கள் அதற்குத் தெரியாது. 'சேகர்' என்பதைச் சிலர் துணைக்காலும் புள்ளியுமாக 'சேகா்' என்று அடிப்பார்கள். பத்திரிகைகளிலேயே இதைப் பார்க்கலாம். நீளம் பார்த்தால் இரண்டும் ஐந்து, எஃப்12 கன்சோலில் உற்றுப் பார்த்தால்தான் ரகரத்துக்குப் பதில் கால் நிற்பது தெரியும். துணைக்காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது என்பதால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ர் என்று மாற்றலாம். அதேபோல ஸ்ரீதர். ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் எல்லாரும் ஸகரத்தை வைத்து ஸ்ரீ எழுதினார்கள், இப்போது சில விசைப்பலகைகள் ஶகரத்தை வைக்கின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்.

கௌரியில்தான் கவனம் வேண்டும். பாதிப் பேர் கொம்பும் ளகரமுமாக 'கெளரி' என்றே அடிக்கிறார்கள். கொம்பை அடுத்து ள வந்தால் ஔகாரக் குறியாக்கிவிடு என்று விதி எழுதினால் கௌரி சரியாகும், கெளுத்தி மீன் கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்று என்று இறுக்கினால் கெளுத்தி பிழைக்கும். பேச்சுத்தமிழில் 'கெளம்பிட்டேன்' என்று எழுதினால் மாட்டும். உறுப்பினர் பெயர்களுக்கு இந்த இறுக்கிய விதி போதும். அரட்டைச் செயலிக்கு ஆகாது.

அதனால் நான் செய்யச் சொல்வது இது. உறுப்பினர் அடித்த பெயரை என்எஃப்சி ஆக்கி அப்படியே டேபிளில் ஒரு நெடுவரிசையில் வையுங்கள். அட்டையில் அச்சாவது அதுதான். பக்கத்தில் தேடல் சாவி என்று இன்னொரு நெடுவரிசை. மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் அந்தச் சாவியில் மட்டும். தேடுகிறவர் அடிப்பதையும் அதே ஃபங்ஷனில் விட்டெடுத்து, சாவியோடு சாவியை ஒப்பிடுங்கள். நாளைக்கு ஒரு விதி தப்பு என்று தெரிந்தால் சாவி நெடுவரிசையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம், மூலப்பெயருக்குச் சேதமில்லை. லட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி ஆகிய மூன்றும் ஒருவரா என்ற கேள்வியை இதில் கலக்க வேண்டாம். அது குறிமுறைக் கோளாறு அல்ல, அவரவர் எழுதும் வழக்கம்.

இனிஷியலில் 'ம' வருவதற்குக் காரணம் இந்நேரம் உங்களுக்கே பிடிபட்டிருக்கும். முதல் கோட்பாயிண்டை எடுக்கிறீர்கள். கிராஃபீம் கணக்கில் முதல் எழுத்தை எடுத்தால் 'மு' வரும். ஸ்ரீதரின் மகனுக்கு அப்போதும் 'ஸ்.' என்றுதான் வரும். தமிழுக்கான கிராஃபீம் விதி புள்ளியோடு முடித்துக்கொள்ளும், ஸ்ரீயை ஓர் எழுத்தாகப் பார்க்காது. க்ஷவும் அப்படியே. இதற்கெல்லாம் விதிவிலக்கு எழுதிக்கொண்டிருப்பதைவிட, இனிஷியலைக் கணிப்பதையே விட்டுவிடுங்கள். ஊருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு வைப்பவர் உண்டு, அம்மா பெயரையும் சேர்ப்பவர் உண்டு. தனிக் கட்டம் வைத்துக் கேட்டுவிட்டால் ஆயிற்று. பெயர் வட்டத்தில் ஓர் எழுத்து காட்டும் அலங்காரத்துக்கு மட்டும் கிராஃபீம் போதும்; அதை பிரவுசரிலேயே செய்வதானால் இன்டில் செக்மென்டர் இருக்கிறது. குரோமில் 2020 முதல் உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் 2024இல்தான் வந்தது என்பதால் பழைய பதிப்புகளைச் சோதித்துவிடுங்கள்.

எழுத்துக் கணக்குத்தான் எங்கும் சரி என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் வார்கேர் 50 என்றால் 50 கோட்பாயிண்ட். ஆரக்கிளில் வார்கேர்2 50 என்றால், வேறு சொல்லாதவரை 50 பைட். அதாவது தமிழில் பதினாறே குறி. சங்கம் உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னால் அங்கேயும் கோட்பாயிண்ட்தான் காசு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 கிடைக்கிற இடத்தில் தமிழுக்கு 70; நீளமாகி உடைந்தால் ஒரு துண்டுக்கு 67. கோட்பாயிண்ட் கணக்கில் 150 வரும் அறிவிப்பு மூன்று செய்தியாகக் கட்டணம் ஏறும். திட்ட மதிப்பீட்டிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு பில்லைப் பார்த்துச் சண்டை வேண்டாம்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், எப்படியும் அடுத்து அங்கேதான் வருவீர்கள்: அகரவரிசை. யூனிகோட் எண்படி வரிசைப்படுத்தினால் ன போய் நகரத்தை அடுத்து நிற்கும், புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வரும். கணேசன் முன்னால் வந்து கண்ணன் பின்னால் போவார். அகராதி வரிசையில் அது தலைகீழ். இன்டிலில் கொலேட்டர் என்ற கிளாஸுக்கு மொழி தமிழ் என்று சொன்னால் ஒழுங்காகச் செய்யும்.

பிடிஎஃபில் செல்வி. இங்கே தரவில் தவறே இல்லை. 'செ' என்பது சகரம் முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. வரையும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது ஷேப்பிங் எஞ்சினின் வேலை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்ட், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ். உங்கள் பிடிஎஃப் லைப்ரரியில் அப்படியொன்று இல்லை, வந்த வரிசையில் குறிகளை அடுக்கிவிடுகிறது. சிலர் இதற்குக் கொம்பை டேட்டாபேஸிலேயே முன்னால் மாற்றி வைத்து 'சரிசெய்வார்கள்'. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தேடல் முதல் எல்லாம் நாசமாகும். எம்பிடிஎஃப் லைப்ரரியில் ஓடிஎல் என்ற அமைப்பை இயக்கி, அதற்கேற்ற தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் கொம்பு இடத்துக்கு வரும். அதைவிடச் சுலபம், அட்டையை எச்டிஎம்எல்லாகச் செய்து ஹெட்லெஸ் குரோமில் பிடிஎஃப் எடுப்பது. கொஞ்சம் மெமரி தின்னும். இரவில் மொத்தமாக அடிக்கும் அட்டைக்கு அது பொருட்டில்லை.

இத்தனையும் செய்தபின் மறுபடி உடையாமல் இருக்க, டெஸ்ட் கோப்பில் சில பெயர்களை நிரந்தரமாகக் குடிவையுங்கள். முத்துக்குமார், ஸ்ரீதர் இரண்டு விதமாக, கௌரி இரண்டு விதமாக, கோமதி இரண்டு விதமாக, செல்வி, ஔவை, லக்ஷ்மி. புதிதாக வேலைக்கு வருகிறவர் சப்ஸ்டிர் போட்ட அன்றே டெஸ்ட் சிவக்கும்.

கடைசியாகப் பழைய பதிவுகள். கெட்டுப்போன தமிழில் மூன்று வகை உண்டு, கலந்துவிடாதீர்கள். காலிக் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை, தரவு நலம். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வந்தால் அது யுடிஎஃப்-8 தமிழை லேட்டின்1 என்று நினைத்துப் படித்தது; பைட்டுகள் உள்ளே இருக்கின்றன, லேட்டின்1 ஆக வெளியே எடுத்து யுடிஎஃப்-8 ஆக உள்ளே ஏற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும். முதலில் பேக்கப் எடுத்து ஒரு நகலில் செய்து பாருங்கள். உங்களுடையது மூன்றாவது வகை, நிஜக் கேள்விக்குறி. டேபிள் லேட்டின்1இல் இருந்தபோது, தமிழுக்கு இடமில்லை என்று ஒவ்வொரு குறிக்கும் பதில் ஒரு கேள்விக்குறியை டேட்டாபேஸ் எழுதி வைத்துவிட்டது. டேபிளையும் இணைப்பையும் யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் இன்று சேரும் உறுப்பினரும் நாளைக்குக் கேள்விக்குறிதான். ஏற்கெனவே அப்படி ஆனவற்றை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அந்தப் பதிவுகளின் உறுப்பினர் எண்களைப் பட்டியலெடுத்துச் சங்கத்திடம் கொடுத்து, காகித விண்ணப்பங்களைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்ய ஓர் ஆளைக் கேளுங்கள்.